நகரத்து நாளும் கைத்தொலைபேசிக் கமராவும்

கையிலுள்ள தொலைபேசியைக் கொண்டு தெருவையும் சந்தையையும் படம்பிடித்துத் திரிதல் வேலையற்றார் வேலை என்பாரும் உளர். நிழற்படம் பிடித்தல் முறையாகப் பயின்றார்க்கே உரிய கலையாகலின், முக்காலியும் பெருவில்லையும் இல்லாதான் எடுப்பது படமாகாது என்பாரும் உளர். இவ்விரு சாராரோடும் நாம் உடன்படுகின்றிலம். யாழ்ப்பாண நகரத்தைப் பொறுத்தவரை, அதன் அன்றாட வாழ்வைப் படமாக்கி வைத்தல் நம்மனோர் செய்யவேண்டிய பணிகளுள் ஒன்றென்பதும், அதற்கு வேண்டிய கருவி நம் சட்டைப்பையிலேயே கிடக்கின்றதென்பதும் நமது துணிபு. அக்கருவி இந்நாளிற் கையாளப்படும் முறை பெரும்பாலும் நன்றன்று என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும். இம்மலரின் சில பக்கங்களில் இவற்றைச் சற்றே விரித்துரைப்பாம்.

இம்மலருக்கெனப் பழைய மாணவர் பலர் அனுப்பிய படங்களுட் சிலவற்றைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. பரிசளிப்பு விழா, துடுப்பாட்டக் குழு, மாணவ முதல்வர் சபை, அதிபர் நடுவிருக்க ஆசிரியர் இருமருங்கும் அமர்ந்த கூட்டுப்படம் என்றிவையே எங்கும். எல்லாரும் கைகளை முழங்காலில் ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, கமராவைப் பரீட்சை மேற்பார்வையாளரைப் பார்ப்பதுபோற் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். இப்படங்களிற் குறையொன்றுமில்லை. எனினும், அவற்றுள் ஒன்றிலேனும் கல்லூரி வாயிலிற் கச்சான் விற்ற ஆச்சியைக் காணோம். ஐஸ்பழப் பெட்டியைச் சயிக்கிளிற் கட்டி மணியடித்து வந்தவரைக் காணோம். சங்கிலி கழன்ற சயிக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து, கையெல்லாம் கிறீசு பூசிக்கொண்டு, முதற்பாடத்திற்குப் பிந்தி வந்த மாணவனையும் காணோம். கல்லூரியை நினைக்கும்போது நம் மனத்தில் முதலில் எழுவன இவைதாமே! நினைவில் முன்னிற்பன படத்தில் இல்லை. படத்தில் நிற்பனவோ நினைவில் அத்துணை முன்னிற்பனவல்ல. இது சிந்திக்கத்தக்கது.

நிழற்படக்கலையின் பிறப்பை நோக்கின் இதன் வியப்பு மேலும் மிகும். 1838ஆம் ஆண்டளவில் பாரிசு நகரத்திலே லூயி தாகேர் என்பார் உயர்ந்ததோர் சாளரத்திலிருந்து கீழேயுள்ள பெருந்தெருவொன்றைத் தகட்டிற் பதித்தார். ஒளி பதிவதற்கு அக்காலத்திற் பல நிமிடங்கள் வேண்டியிருந்தமையின், வண்டியும் குதிரையும் நடந்து செல்வோரும் பதியாது மறைந்தனர். சனநெரிசல் மிக்க தெரு, ஊரடங்கிய தெருப்போலத் தோன்றிற்று. ஒரு மூலையில் மட்டும், சப்பாத்துக்கு மெருகிடுவிக்கும்பொருட்டு ஒரு காலைத் தூக்கிவைத்து அசையாது நின்றான் ஒருவன். அவனும் அவன் காலடியில் இருந்து மெருகிட்டவனுமே உருவம் பெற்றனர். மனிதவுருவம் பதிந்த முதற்படம் எனப் பொதுவாகக் கொள்ளப்படுவது அதுவே. அரசனும் அமைச்சனும் பெறாத அப்பேற்றைத் தெருவோரத்துத் தொழிலாளி ஒருவன் பெற்றான். ஆனால் அவன் பெயர் யாது, ஊர் யாது என்பதை எவரும் எழுதிவைத்திலர். இக்குறையைப் பற்றிப் பின்னர்ப் பேசுவாம்.

மேனாட்டாரையே நாம் துணைக்கழைக்க வேண்டுமென்பதில்லை. நம் பழம்புலவர் கமராவின்றியே இப்பணியைச் செய்தவர். மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியிலே பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்தப் புகுந்தவர். புகுந்தவர், மதுரை நகரத்து நாளங்காடியையும் அல்லங்காடியையும் அங்குலம் அங்குலமாகக் காட்டுகின்றார். பலவகைத் தின்பண்டங்களையும் அணைத்துக்கொண்டு திரிந்து விற்போர், பெருமாடங்களின் நிழலில் அமர்ந்து இளைப்பாறுவதை அவர் காண்கின்றார். நரைத்த கூந்தலை முடித்த முதுபெண்டிரும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. அரசனைப் பாடும் பாட்டில் அங்காடிக் கிழவிக்கு இடங்கொடுத்தால் பாட்டின் மதிப்புக் குறையுமென்று அப்புலவர் அஞ்சினாரல்லர். அவரது கண் நமக்கிருந்தாற் போதும். கருவி எதுவாயினும் ஆகுக.

பிறநகரத்தார்க்கு இது விருப்பமாக இருக்கலாம், யாழ்ப்பாணத்தார்க்கோ கடமை. நாம் இழந்தவை அத்தகையன. 1981ஆம் ஆண்டு சூன் முதலாந் திகதியை ஒட்டிய இரவில் நமது பொதுநூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அதனை உலகறியும். ஆனால் உலகறியாத சிறுசிறு நூலகங்கள் வீட்டுக்கு வீடு அழிந்தன. 1995ஆம் ஆண்டு ஒற்றோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, குழந்தையையும் கிழவரையும் சுமந்தனர். அரிசியையும் காணி உறுதியையும் சுமந்தனர். பலர் வீட்டில் நிழற்படத் தொகுப்பு அலுமாரியிலேயே தங்கிற்று. திரும்பிவந்து பார்க்கையில் அலுமாரியும் இல்லை. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இற் புறப்பட்டவர் பலர்க்கு ஊர்திரும்பப் பல ஆண்டுகள் சென்றன. அவ்வாறு திரும்பியோருள், தம் ஒழுங்கை எந்த இடத்தில் வளைந்தது, கிணறு எந்த மூலையில் இருந்தது என்று ஒருவரோடொருவர் வாதிட்டு நின்றோரை நாம் அறிவோம். கலியாணப்படம் தப்பியிருந்தாலும் அவ்வழக்கு அதனால் தீராது. படலையும் வேலியும் பின்னே நிற்கும் பனைகளும் தெரியும் ஒரு சாதாரணப் படம் இருந்திருந்தால் தீர்ந்திருக்கும்.

1990 முதல் மின்சாரமின்றி நம் நகரம் வாழ்ந்த ஆண்டுகளையும் எண்ணிப்பாருங்கள். சாம் போத்தலிற் பஞ்சிட்டு எண்ணெய் விட்டு எரித்த விளக்கு, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சயிக்கிள், கவிழ்த்துவைத்த சயிக்கிளின் மிதியை ஒருவர் சுற்ற, டைனமோவின் மின்னோட்டத்தில் மற்றையோர் கேட்ட வானொலிச் செய்தி: இவற்றை வகுப்பிற் கூறுமிடத்து இன்றைய மாணவர் கதையென்றே நகைக்கின்றனர். "படம் இருக்கோ சேர்?" என்று ஒருவன் கேட்டான். அவன் கேட்டதிற் குற்றமில்லை. அக்காலத்திற் படச்சுருளும் அருமை, அதைக் கழுவுதலும் அருமை. உயிர் தப்புதற்கிடையில் விளக்கை யார் படம்பிடிப்பார்? ஆனால் இன்று அந்நிலையில்லை. 2000ஆம் ஆண்டிற் சப்பானிலே சார்ப் நிறுவனத்தார் கமரா பொருத்திய கைத்தொலைபேசியொன்றை விற்பனைக்கு விட்டபோது அது ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் புள்ளிகளில் மங்கலாகவே படமெடுத்தது. இன்று நம் ஊரிலே மீன் விற்பவர் மடியிலும் அதனினும் நூறுமடங்கு நுணுக்கமான கமரா இருக்கின்றது. படமொன்றுக்குச் செலவென்று சொல்லத்தக்கதும் ஏதுமில்லை. இத்துணை எளிதாய் வந்த பின்னர் நாம் எடுப்பது யாதெனின், நம் முகத்தையே. கோட்டையின் முன் நம் முகம், நூலகத்தின் முன் நம் முகம், உணவுச்சாலையிற் கறிக்கோப்பையின் பின் நம் முகம். நல்லூர்த் தேரன்று கூப்பவேண்டிய கைகள் எல்லாம் தொலைபேசியை உயர்த்தி நிற்க, பின்னிற்போர்க்குத் தேர் தெரிவதில்லை. ஆயிரம் திரைகளே தெரிகின்றன. தேருக்கு நல்ல படங்கள் உள. தேர்வீதியிலே மோர்ப்பந்தலில் அண்டாவைக் கழுவுகின்றவர்க்குத்தான் படமில்லை.

ஆகவே எதனை எடுப்பது என்னும் வினா எழுகின்றது. மறையப்போவதை எடுக்க என்பதே நமது விடை. கிடுகுவேலி மதிலாகிக்கொண்டிருக்கின்றது, கிடுகு பின்னுவோரின் விரல் எவ்வாறு ஓடுகின்றதென்பதை இனிப் பிறக்கும் பிள்ளை எங்ஙனம் அறியும்? சங்கடப்படலை ஊருக்கு ஒன்றிரண்டு கூட இல்லை. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்குமிடையே மூட்டைகளும் மனிதரும் ஒருங்கேறிச் சென்ற தட்டிவான் அருகிவிட்டது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் வாடகைக் கார்களாய் நின்ற இடங்களில் ஓட்டோக்கள் நிற்கின்றன. திருநெல்வேலிச் சந்தையில் விடியற்காலத்திற் சென்று பாருங்கள். வாழைக்குலையை நிலத்திற் சாய்த்துவைத்து விலை பேசுதல், வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்க்கும் விரல், கடகத்தைத் தலையிலிருந்து இறக்குகையில் உதவ நீளும் அயலாள் கை, பனங்கட்டிக் குட்டான்களை அடுக்கும் ஒழுங்கு, தூக்குத் தராசு போய் இலத்திரனியல் தராசு வந்தபின்னும் கொசுறாக ஒரு பிடி கறிவேப்பிலையை அள்ளியிடும் வழக்கம் ஆகிய இவையெல்லாம் அரை மணிநேரத்திற் கண்ணிற்படுவன. குருநகர்க் கரையில் வள்ளம் வந்தணையும் வேளையும் அத்தகையதே. மத்திய பஸ் நிலையத்தில், பஸ் புறப்படுமுன் நடத்துநர் ஊர்ப்பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கிக் கூவும் வாயையும் ஒருவர் எடுக்கலாம். ஓசை படத்தில் வாராதாயினும் கழுத்து நரம்பு வரும்.

மறைவதை மட்டுமன்றி, இன்று மிகச் சாதாரணமாய்த் தோன்றுவதையும் எடுக்கவேண்டும் என்பதற்கு அண்மைக்காலச் சான்றொன்று காட்டுவாம். 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாடு முழுதும் மக்கள் வரிசையில் நின்றனர். சிலிண்டர்களைச் சங்கிலியாற் பிணைத்துவிட்டு உரியவர்கள் நிழலில் ஒதுங்கியிருந்த காட்சியை அன்று பார்த்தோர் பலர் சலிப்போடு படம்பிடித்தனர். இன்று அவையே வரலாறு கற்பிக்க உதவும் படங்கள். அவற்றை எடுத்தோருட் பெரும்பாலார் தாம் வரலாறு எழுதுவதாக எண்ணியிருக்கமாட்டார்.

எடுக்கும் முறையைப் பற்றி நீளப் பேச நாம் நிழற்படக் கலைஞரல்லேம். பட்டறிவாற் கண்ட சிலவற்றை மட்டும் கூறுவாம். தொலைபேசியின் வில்லை பையிற் கிடந்து எண்ணெய்ப்பசை படிந்திருக்கும்; சால்வை நுனியால் ஒருமுறை துடைத்தாலே பாதிக்குறை நீங்கும். நம் நகரத்து நண்பகல் வெயில் தலைக்கு நேரே நின்று முகத்தைக் கருக்கிவிடுவதால், காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஐந்து மணிக்குப் பின்னும் ஒளி நன்று. இரு விரலால் திரையை விரித்துத் தொலைவிலுள்ளதைப் பெருப்பித்தல் பல தொலைபேசிகளிற் படத்தை வெட்டிப் பெரிதாக்குதலேயாகும். அதினும் பத்தடி நடந்து கிட்டச் செல்லுதல் நன்று. கிட்டச் சென்றால் பேசவேண்டி வரும். பேசவேண்டி வருதலே இதன் பெரும்பயன் என்பது நமது கருத்து.

இங்கேதான் நாம் வன்மையாகக் கூறவேண்டிய ஒன்று உண்டு. பிரான்சிய மேதை ஹென்றி கார்த்தியே பிறெசோன் தமது சிறு லைக்கா கமராவின் ஒளிரும் பாகங்களைக் கறுப்பு நாடாவால் மறைத்துக்கொண்டு, எவரும் அறியாவண்ணம் தெருவிற் படமெடுத்தார். 1952இல் அவர் வெளியிட்ட நூலின் பிரெஞ்சுத் தலைப்பும் ஒளித்தெடுத்த படங்கள் என்னும் கருத்தையே தழுவியது. அவர் படங்களின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அம்முறை யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தாது. பாரிசிலே படமெடுத்தவனும் எடுக்கப்பட்டவனும் பின்னர் ஒருவரையொருவர் காண்பதில்லை. இங்கோ, சந்தையிற் கத்தரிக்காய் விற்கும் அம்மையாரின் பேரன் நம் வகுப்பில் மூன்றாம் வரிசையில் இருக்கின்றான். அவர் முந்தானை விலகியிருக்க, வாய் திறந்திருக்க எடுத்த படம் முகநூலில் ஏறினால், மறுநாள் அப்பிள்ளை எந்த முகத்தோடு வகுப்புக்கு வருவான்? கேட்டு எடுத்தால் இயல்பு போய்விடும் என்பர். போகட்டும், சற்று நேரத்தில் மீண்டு வரும். "ஆச்சி, ஒரு படம் எடுக்கட்டோ?" என்று கேட்டோமாயின், "என்னத்துக்குத் தம்பி, நான் என்ன கலியாணப் பொம்பிளையே?" என்பார், சிரிப்பார், சீலையைச் சரிசெய்வார், பின் வாங்குவோர் வர, நம்மை மறந்து தராசைப் பிடிப்பார். அந்த நொடியில் எடுப்பதே படம். வேண்டாமென்று கையை மறித்தாரெனில், தொலைபேசியைப் பையில் இட்டு ஒரு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு வரவேண்டியதே.

இதனினும் கொடியதொன்று இப்பொழுது நம்மிடையே பரவியுள்ளது. போரினாற் கணவனையோ காலையோ இழந்து, கூரையொழுகும் குடிசையில் இருப்போரிடம் அரிசிப் பொதியோடு சென்று, அவர் அழுவதையும் கும்பிடுவதையும் அருகிருந்து எடுத்து யூரியூபில் இடுதல். அடுப்பைத் திறந்து காட்டச் சொல்கின்றனர்; பானை வெறுமையென்பதை நாடுகள்தோறும் இருப்போர் பார்க்கின்றனர்; குமர்ப்பிள்ளையின் முகமும் மறைக்கப்படுவதில்லை. இதனால் உதவி கிடைக்கின்றதே என்று புலம்பெயர்ந்த நம் நண்பர் சிலர் கேட்கின்றனர். கிடைக்கின்றதுதான், மறுக்கவில்லை. காணாத இடத்திலிருந்து பணம் அனுப்புவோர் சான்று வேண்டுதலும் நியாயமே. பற்றுச்சீட்டு உண்டு, வங்கிக் கணக்கு உண்டு, கிராம அலுவலர் உண்டு, முகத்தைக் காட்டாது கூரையை மட்டும் காட்டவும் வழியுண்டு. கொடுப்போன் பெயர் பெருக வாங்குவோள் முகம் விலையாதல் எவ்வாற்றானும் தகாது. தொலைபேசியை நீட்டியவன் முன் அவள் வேண்டாமென்று சொல்லக்கூடிய நிலையில் இல்லை. அரிசிப்பொதி அவன் கையில் இருக்கின்றது. சந்தை ஆச்சியிடம் கேட்டலுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. இத்தகைய காணொளிகளுக்குப் பணம் அனுப்பும் பழைய மாணவர், அடுத்தமுறை அனுப்புமுன் முகம் காட்டலாகாது என்று ஒரு நிபந்தனை விதிப்பாராயின் இவ்வழக்கம் ஓராண்டில் அடங்கும் என்பது நமது நம்பிக்கை.

எடுத்த படத்துக்கு எழுத்து வேண்டும். தமிழாசிரியன் இதனையே சொல்வான் என்று நீவிர் நகைக்கலாம், நகைத்துவிட்டுக் கேளுங்கள். தாகேரின் தகட்டிற் பதிந்த சப்பாத்துத் தொழிலாளி பெயரற்றுப் போனமை முன்னர்க் கண்டோம். சிக்காகோ நகரிற் பிள்ளை வளர்க்கும் தாதியாய் வாழ்ந்த விவியன் மேயர் என்னும் அம்மையார் இலட்சத்துக்கு மேற்பட்ட தெருப்படங்களை எடுத்து எவர்க்கும் காட்டாது பெட்டிகளில் வைத்தார். 2007இல், வாடகை செலுத்தப்படாத களஞ்சிய அறையின் பொருள்களாக அவை ஏலத்தில் விலைபோயின. 2009இல் அவர் இறந்தார். இன்று உலகம் அப்படங்களை வியக்கின்றது. படத்திலிருப்போர் யாவர் என்பதைச் சொல்லத்தான் ஆளில்லை. நம் படங்களுக்கு இந்நிலை வரலாகாது. திகதி, இடம், படத்திலிருப்பவர் இசைந்தால் அவர் பெயர், செய்யும் தொழில், கையிலிருக்கும் பொருளின் ஊர்ப்பெயர் என நான்கு வரி எழுதுக. கடகம் வேறு, பெட்டி வேறு, உமல் வேறு, நீற்றுப்பெட்டி வேறு. "ஓலைக்கூடை" என்றொரே சொல்லால் எல்லாவற்றையும் மூடும் மாணவர் கட்டுரைகளை ஆண்டுதோறும் திருத்துகின்றோமாகலின் இதனை வற்புறுத்துகின்றோம். பொருள் மறையுமுன் பெயர் மறைந்துவிடுகின்றது.

சேமிப்பதும் ஒரு பெரும் வேலை. தொலைபேசி நீரில் விழுந்தால் ஐந்தாண்டுப் படங்களும் உடன் மூழ்கும். வட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்புவோர் அறியவேண்டியது: அது படத்தைச் சுருக்கி நுணுக்கத்தைக் குறைப்பதோடு, எடுத்த நேரமும் இடமும் பற்றிப் படத்துள் மறைந்திருக்கும் குறிப்பையும் களைந்துவிடுகின்றது. ஆவணக் கோப்பாக அனுப்பின் இக்குறை இல்லை. கணினியில் ஒரு பிரதி, வேறிடத்தில் ஒரு பிரதி என்று வைப்பதே அறிவுடைமை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தார் நம்மவர் ஏடுகளை மட்டுமன்றி நிழற்படங்களையும் பேணுகின்றனர். அவர்க்கு அளித்தால் எரியூட்டுவார்க்கு எட்டாத இடத்தில் அவை இருக்கும். பழைய மாணவர் சங்கமும் ஆண்டுக்கு ஒருநாளைக் குறித்து, அந்நாளிற் கல்லூரியைச் சூழ்ந்த ஒரு மைல் வட்டத்தின் வாழ்வை மாணவரைக் கொண்டு படமாக்கி, குறிப்பெழுதுவித்து, நூலகத்தில் வைக்கலாம். பொருட்செலவு ஏதும் அதிகமில்லை. மாணவர்க்குத் தெருவில் நின்று முன்பின் அறியாதாரோடு மரியாதையாகப் பேசும் பயிற்சியும் கிடைக்கும்; அது இப்பொழுது பாடத்திட்டத்தில் இல்லை.

இக்கட்டுரை எழுதும் வாரத்திற் கல்லூரி வாயிலுக்கு அண்மையில் சயிக்கிள் திருத்துபவரிடம் சென்று இசைவு கேட்டோம். எத்தனையோ பழைய மாணவரின் சில்லு நெளிவெடுத்த கைகள் அவருடையவை. ரியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்திக் குமிழி பார்க்கும் வேளையில் எடுக்கலாமென்று அவரே சொல்லித்தந்தார். எடுத்ததைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். "நல்லாயிருக்கு மாஸ்ரர். எனக்கும் ஒண்டு தாருங்கோ. போனிலை வேண்டாம், கடதாசியிலை தாருங்கோ" என்றார்.